மாநில பட்ஜெட்டுக்கு கடிவாளம்: உச்சவரம்பா, கமிட்டியா, இல்ல கணக்கை அப்படியே திறந்து வெக்கறதா?

தமிழ்நாட்டோட 2025-26 பட்ஜெட்ல ரெண்டே ரெண்டு நம்பரை மட்டும் எடுத்துக்கோங்க. நிதிப் பற்றாக்குறை 1,06,963 கோடி, வருவாய் பற்றாக்குறை 41,635 கோடி. முதல் நம்பர் அந்த வருஷம் கடன் வாங்கி சமாளிக்க வேண்டிய தொகை, ரெண்டாவது நம்பர் சம்பளம், பென்ஷன், வட்டி, மானியம்னு அன்றாடச் செலவுக்கே வருமானம் பத்தாம விழற துண்டு. வகுத்துப் பாத்தா கடன் வாங்கற ஒவ்வொரு நூறு ரூபாய்லயும் 39 ரூபாய் ரோடாவோ ஆஸ்பத்திரியாவோ மாறாம அந்த மாசச் செலவோட கரைஞ்சு போகுது. 2021 ஆகஸ்ட்ல அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கைல இருக்கற 2020-21 கணக்கை இதே மாதிரி போட்டா (வருவாய் பற்றாக்குறை 61,320 கோடி, நிதிப் பற்றாக்குறை 92,305 கோடி) அது 66 ரூபாய். கோவிட் வருஷம்ங்கறதால ரொம்ப மோசம், இப்ப பரவால்லதான், ஆனா 39-ம் சின்ன நம்பர் இல்லை, அதுவும் இது மதிப்பீடுதான்.

இந்த நம்பரைச் சொன்ன உடனே ஒரு கூட்டம் இலவசத்தை நிறுத்துங்கும், இன்னொரு கூட்டம் டெல்லி நம்ம பங்கைத் தரலைங்கும். ரெண்டுலயும் கொஞ்சம் நியாயம் இருக்கு, ஆனா ரெண்டும் பல வருஷமா சுத்தி சுத்தி வர்ற சண்டை. எனக்கு வேற கேள்வி. நாளைக்கு நம்ம தொகுதி எம்எல்ஏ ஒரு அஞ்சு நிமிஷம் கொடுத்து, அரசாங்கச் செலவு கட்டுக்குள்ள இருக்கணும்னா என்ன பண்ணணும், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கன்னு கேட்டா எதைச் சொல்றது? வேற வேற மாநிலம், வேற வேற நாட்டுல முயற்சி பண்ணிப் பாத்த வழிகள் இருக்கு, அதை வெச்சு ஒப்பிட்டுப் பாக்கலாம்.

முதல்ல எல்லாருக்கும் தோணறது சட்டம் போட்டு உச்சவரம்பு வெக்கறது. இது நம்மகிட்ட ஏற்கெனவே இருக்கு, பல பேருக்குத் தெரியாது. தமிழ்நாடு நிதிப் பொறுப்புடைமைச் சட்டம், 2003. வருவாய் பற்றாக்குறையை ஒழிக்கணும், நிதிப் பற்றாக்குறை மாநில உற்பத்தி மதிப்புல 3 சதவீதத்துக்குள்ள நிக்கணும், இதான் சாரம். சட்டம் வந்த கொஞ்ச வருஷத்துல வருவாய் உபரி கூட வந்தது, அதுக்கு சட்டம் மட்டும் காரணம் இல்லை, அந்த வருஷங்கள்ல வரி வசூலும் நல்லா ஏறுச்சு. அப்புறம் 2013-14-ல இருந்து ஒவ்வொரு வருஷமும் வருவாய் பற்றாக்குறைதான். சட்டம் என்னாச்சு? சட்டத்தைத் திருத்தி கெடுவைத் தள்ளிப் போட்டாங்க, அவ்வளவுதான். சட்டசபைல மெஜாரிட்டி இருக்கற கட்சி தனக்குத்தானே போட்டுக்கற கட்டுப்பாடு அந்தக் கட்சிக்கு வலிக்கற வரைக்கும்தான் நிக்கும். உண்மையிலேயே கையைப் பிடிக்கறது அரசியல் சட்டத்தோட 293(3) பிரிவுதான், மத்திய அரசுக்கு மாநிலம் கடன் பாக்கி வெச்சிருந்தா புதுசா கடன் வாங்க அவங்க சம்மதம் வேணும். அதாவது லகான் நம்ம ஓட்டுப் போடறவங்க கைல இல்லை, டெல்லில இருக்கு.

சரி, யாரும் திருத்த முடியாத மாதிரி இரும்புல ஒரு உச்சவரம்பு போட்டா? அதையும் ஒரு ஊர்ல பண்ணிப் பாத்துட்டாங்க. அமெரிக்காவுல கொலராடோ மாநிலத்துல 1992-ல மக்களே ஓட்டுப் போட்டு டேபார்னு ஒரு திருத்தத்தை மாநில அரசியல் சட்டத்துலயே சேத்தாங்க. மக்கள்தொகை வளர்ச்சியும் விலைவாசியும் எவ்வளவு ஏறுதோ அந்த அளவுக்குத்தான் அரசாங்கத்துக்கிட்ட தங்கற வருமானம் ஏறலாம், மேல வந்தா மக்களுக்கே திருப்பிக் கொடுக்கணும், வரியை ஏத்தணும்னா மக்கள்கிட்ட ஓட்டுக் கேக்கணும். கேக்க ரொம்ப நல்லா இருக்கு. ஆனா 2000-த்தோட ஆரம்பத்துல பொருளாதாரம் விழுந்தப்ப வருமானம் சரிஞ்சு, அந்தச் சரிஞ்ச அளவே புது உச்சவரம்பா உக்காந்துக்கிச்சு, கடைசில 2005-ல அதே மக்கள் ஓட்டுப் போட்டு அஞ்சு வருஷத்துக்கு அதை நிறுத்தி வெச்சாங்க. இதை விட எனக்கு முக்கியமா பட்டது வேற விஷயம். அந்தச் சட்டத்துல அரசாங்கம் தொழில் மாதிரி நடத்தற அமைப்புகளுக்கு விலக்கு இருக்கு, அதனால கட்டணம் வசூலிக்கற வேலைகள் ஒவ்வொண்ணா அந்தப் பக்கம் நகந்துச்சு, 2017-ல ஆஸ்பத்திரிகள்கிட்ட வாங்கற கட்டணத்தையே அப்படி ஒரு அமைப்பா மாத்தி உச்சவரம்புக்கு வெளில கொண்டு போனாங்க. அதுக்கு மேல 2020-ல பெரிய அமைப்பு புதுசா தொடங்கணும்னா மக்கள் ஓட்டு வேணும்னு இன்னொரு பூட்டு போட வேண்டி வந்தது. முன் கதவைப் பூட்டிட்டு கொல்லைக் கதவைத் திறந்து வெச்ச கதை.

இந்தக் கொல்லைக் கதவு நம்ம ஊர்ல எங்கெல்லாம் இருக்குன்னு பாக்காம அடுத்த வழிக்குப் போக முடியாது, அதனால இங்க கொஞ்சம் நின்னு பேசறேன்.

ஒண்ணு விதி 110. சட்டசபைல அமைச்சர் எந்திரிச்சு 110-ன் கீழ் அறிக்கை படிச்சா அதுக்கு விவாதம் கிடையாது. ஜெயலலிதா காலத்துல இது கிட்டத்தட்ட தினசரி நிகழ்ச்சியாவே ஆயிடுச்சு, அப்புறம் வந்தவங்களும் விடலை. பல கோடி ரூபாய்க்கு ஒரு அறிவிப்பு வரும், மேசையைத் தட்டுவாங்க, மறுநாள் பேப்பர்ல வரும். இதுக்கு மொத்தம் எவ்வளவு, எந்தத் தலைப்புல இருந்து, அடுத்த அஞ்சு வருஷத்துக்கு எவ்வளவுன்னு கேக்க அந்த நேரத்துல யாருக்கும் வாய்ப்பு இல்லை.

அப்புறம் துணை மதிப்பீடுகள். பட்ஜெட் பாஸான பிறகு வருஷத்துக்கு நடுவுல கூடுதல் செலவுக்கு அரசியல் சட்டத்தோட 205-வது பிரிவுப்படி சட்டசபை அனுமதி வாங்கணும், அதுக்குத்தான் அந்தப் புத்தகம். அதை ஒரு தடவை புரட்டிப் பாருங்க, புதுப் பணின்னு சொல்ற இனங்களுக்கு பல இடத்துல டோக்கனா ஒரு சின்னத் தொகை மட்டும் கேட்டிருப்பாங்க, மீதியை வேற தலைப்புல மிச்சமான பணத்துல இருந்து மறுஒதுக்கீடு பண்ணிக்கறோம்னு ஒரு வரி இருக்கும். முறைப்படி பாத்தா தப்பே இல்லை, விதில இருக்கறதுதான். ஆனா ஓட்டுப் போடற எம்எல்ஏவுக்கு நிஜமா எவ்வளவு செலவுக்கு கை தூக்கறோம்னு அந்த வரியைப் பாத்தாத் தெரியாது. அரசுக் கணக்கைத் தணிக்கை பண்ற சிஏஜி பல மாநிலங்களுக்குக் கொடுக்கற மாநில நிதி அறிக்கைல திரும்பத் திரும்ப வர்ற ஒரு குறிப்பு இது: துணை மதிப்பீட்டுல கேட்டு வாங்கினாங்க, வருஷக் கடைசில பாத்தா முதல்ல ஒதுக்கினதே முழுசா செலவாகலை. அதுவும் அந்த அறிக்கை வர்றதுக்குள்ள அடுத்த பட்ஜெட்டே முடிஞ்சிருக்கும்.

மூணாவதுதான் பெருசு, அரசு நிறுவனங்கள் பேர்ல வாங்கற கடன். கேரளாவுல கட்டமைப்பு வேலைக்குப் பணம் திரட்டற கிஃப்பிங்கற அரசு வாரியம் 2019-ல லண்டன் பங்குச் சந்தைல மசாலா பாண்டு (வெளிநாட்டுல ரூபாய் கணக்குல விக்கற கடன் பத்திரம்) போட்டு 9.723 சதவீத வட்டிக்கு 2,150 கோடி வாங்குச்சு, அது மாநில பட்ஜெட்டுக்கு வெளில வாங்கின கடன்னு சிஏஜி எழுதினப்ப அறிக்கையோட அந்தப் பகுதியையே 2021 ஜனவரில கேரள சட்டசபை தீர்மானம் போட்டு நிராகரிச்சுது. தெலங்கானாவுல காளேஸ்வரம் பாசனத் திட்டத்துக்கு தனிக் கார்ப்பரேஷன், ஆந்திராவுல மதுபான வரி வருமானத்தைக் காட்டி கடன் வாங்க 2020-ல ஒரு வளர்ச்சிக் கார்ப்பரேஷன். நம்ம ஊர்ல மின் வாரியம், கடன் லட்சம் கோடியைத் தாண்டி பல வருஷம் ஆச்சு, நஷ்டத்தை மாநில அரசு ஏத்துக்குது, ஆனா கடன் வாரியத்தோட புத்தகத்துல நிக்குது. 2022-ல மத்திய அரசு இந்த மாதிரிக் கடனையும் மாநிலத்தோட கடன் வரம்புல சேத்து எண்ணுவோம்னு சொன்ன பிறகுதான் எல்லாரும் முழிச்சுக்கிட்டாங்க. கேரளா சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு, 2024 ஏப்ரல்ல அது அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பப்பட்டுச்சு. டெல்லிக்கு இந்த அதிகாரம் இருக்கணுமாங்கறது தனி சண்டை, அதுல நான் கேரளா பக்கம்தான் சாய்வேன். ஆனா மத்திய அரசு எண்ணுதோ இல்லையோ, கடைசில கட்டப் போறது யாருன்னு வரி கட்டறவனுக்குத் தெரியணும்ல.

உச்சவரம்புல இன்னொரு சிக்கல் இருக்கு. நெருக்கடி வந்தா சம்பளத்தை நிறுத்த முடியாது, பென்ஷனை நிறுத்த முடியாது, வட்டியை நிறுத்தவே முடியாது. அப்ப வெட்டு விழறது பாலத்துலயும் பள்ளிக்கூடக் கட்டடத்துலயும்தான். 3 சதவீதம்னு நம்பர் சரியா வரும், ஊர்ல வேலை நின்னுருக்கும்.

அடுத்த வழி கமிட்டி. பார்லிமெண்ட்ல 1993-ல இருந்து துறை வாரியா நிலைக்குழு இருக்கு, அமைச்சருங்க அதுல உறுப்பினரா இருக்க முடியாது, மானியக் கோரிக்கைகளை (ஒவ்வொரு துறையும் தன் செலவுக்கு இவ்வளவு வேணும்னு சபைகிட்ட கேக்கறது) அவங்க உக்காந்து படிச்சு அறிக்கை கொடுக்கறாங்க. மாநிலங்கள்ல இதுக்கு முன்னோடி கேரளா, 1980-லயே பொருள் வாரிக் குழுக்கள் ஆரம்பிச்சாங்க. பட்ஜெட் மேல பொது விவாதம் முடிஞ்சதும் மானியக் கோரிக்கைகள் அந்தக் குழுக்களுக்குப் போகும், அப்புறம்தான் சபைல ஓட்டு. நம்ம சட்டசபைல பொதுக் கணக்குக் குழு இருக்கு, மதிப்பீட்டுக் குழு இருக்கு, பொது நிறுவனங்கள் குழு இருக்கு, ஆனா ஓட்டெடுப்புக்கு முன்னாடியே ஒவ்வொரு துறையோட கோரிக்கையையும் வரி வரியா படிக்கற குழு இல்லை. ஒரு நாளைக்கு ரெண்டு மூணு துறை, உறுப்பினர் பேசறதுல பாதி தலைவருக்கு வாழ்த்து, அமைச்சர் பதிலுரை, புது அறிவிப்புகள், கேட்ட தொகையைக் குறைக்கச் சொல்ற வெட்டுத் தீர்மானம் வாபஸ், நிறைவேறியது. வெட்டுத் தீர்மானம் கொடுத்தவருக்கே அது ஞாபகம் இருக்குமான்னு எனக்கு சந்தேகம்.

கமிட்டி எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி. அதிகாரியைக் கூப்பிட்டு உக்கார வெச்சு போன வருஷம் இவ்வளவு வாங்கி ஏன் செலவு பண்ணலைன்னு நேருக்கு நேர் கேக்கறது வேற எதுலயும் நடக்காது. ஆனா கேரளா அனுபவத்துல ரெண்டு ஓட்டை தெரியுது. அங்க அந்தந்தத் துறை அமைச்சரே குழுவுக்குத் தலைவர், பரீட்சை எழுதறவரே பேப்பர் திருத்தற ஏற்பாடு. ரெண்டாவது, குழு படிக்கறது பட்ஜெட் புத்தகத்துல இருக்கறதை மட்டும்தான், கிஃப்பி அந்தப் புத்தகத்துக்கு வெளில வளந்துச்சு. நாப்பது வருஷமா கமிட்டி வெச்சிருக்கற மாநிலத்துலயே இதான் நிலைமைன்னா கமிட்டியை மட்டும் நம்பி உக்கார முடியாது.

மூணாவது வழி, கணக்கைத் திறந்து வெக்கறது. அரசு என்ன சொல்லும்னா, ஏற்கெனவே எல்லாம் இணையத்துல இருக்கே. ஆமா இருக்கு. 2021-லயே காகிதமில்லா பட்ஜெட் போட்டாச்சு. எப்படி இருக்குன்னு நீங்களே பாருங்க. பள்ளிக் கல்வி, 43-ம் எண் மானியக் கோரிக்கை, பிடிஎஃப்பைத் திறங்க. 2202 பொதுக் கல்வின்னு பெருந்தலைப்பு, அதுக்குக் கீழ சிறுதலைப்பு, அதுக்குக் கீழ இங்கிலீஷ் எழுத்துல உட்தலைப்பு, அதுக்குக் கீழ 301 சம்பளங்கள்னு ஆரம்பிச்சு வரிசையா செலவு இனங்கள், பக்கத்துல நாலு கட்டம்: முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷத்தோட அசல் கணக்கு, போன வருஷ மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, இந்த வருஷ மதிப்பீடு. தொகை எல்லாம் ஆயிரத்துல. இதுல உங்க ஒன்றியத்துப் பள்ளிக்கு எவ்வளவு வந்ததுன்னு தேடினா கிடைக்காது, ஏன்னா புத்தகம் ஊர் வாரியா இல்லை. எக்செல்ல போட்டு அஞ்சு வருஷத்தை ஒப்பிடலாம்னா ஒவ்வொரு பக்கமா உக்காந்து டைப் அடிக்கணும்.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா பில் அளவு தகவல் அரசாங்கத்துக்கிட்ட ஏற்கெனவே கம்ப்யூட்டர்ல இருக்கு. ஐஎஃப்எச்ஆர்எம்எஸ்னு சொல்ற, இப்ப களஞ்சியம்னு பேர் வெச்சிருக்கற சாஃப்ட்வேர் வழியாத்தான் கருவூலத்துக்குப் பில் போகுது. எந்த அலுவலகம், எந்தத் தலைப்பு, எவ்வளவு, என்னைக்கு பாஸாச்சு, எல்லாம் உள்ள இருக்கு. நிதித்துறை அதிகாரி நினைச்சா பாக்கலாம், நம்மால முடியாது. தனிநபர் சம்பளம், வங்கிக் கணக்கு மாதிரி விஷயத்தை எடுத்துட்டு மீதியை மாசா மாசம் ஒரு ஃபைலா போடறதுக்கு புதுசா ஆளும் வேணாம் கட்டடமும் வேணாம். சிஏஜி ஏற்கெனவே ஒவ்வொரு மாநிலத்தோட மாசக் கணக்கையும் சுருக்கமா தன்னோட தளத்துல போடுது, தணிக்கை ஆகாத தற்காலிகக் கணக்குதான், ஆனா வரி வருமானம், வட்டி, சம்பளம், மானியம் எல்லாம் மாச வாரியா பாக்கலாம். மேல் மட்டத்துல முடியறது கீழ் மட்டத்துல ஏன் முடியாது?

முடியும்னு ராஜஸ்தான் காட்டிடுச்சு. அங்க 1994 டிசம்பர்ல பாலி மாவட்டம் கோட் கிரானாங்கற கிராமத்துல மக்கள் விசாரணைன்னு நடத்தி, கூலிப் பட்டியலையும் பில்லையும் ஊர்க்காரங்க முன்னாடி சத்தமா படிச்சாங்க. 1996-ல பியாவர்ல பல வாரம் தர்ணா. அந்தப் போராட்டம்தான் வளந்து 2005 தகவல் உரிமைச் சட்டமாச்சு. (தமிழ்நாடு 1997-லயே தனியா ஒரு தகவல் உரிமைச் சட்டம் போட்டுச்சு, இந்தியாவுலயே முதல்ல. 1998-ல டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் முதல்ல இங்கதான். சட்டம் போடறதுல நாம எப்பவும் முந்திதான்.) 2019 செப்டம்பர்ல ராஜஸ்தான் அரசு ஜன் சூச்னான்னு ஒரு போர்ட்டல் திறந்துச்சு, மனுப் போட வேணாம், லாகின் வேணாம், உங்க பஞ்சாயத்தைத் தேர்ந்தெடுத்தா ரேஷன் கடைக்கு வந்த சரக்கு, பென்ஷன் வாங்கறவங்க பட்டியல், வேலைத் திட்டக் கணக்கு எல்லாம் வரும். மொத்த பட்ஜெட்டை யாரும் படிக்க மாட்டாங்க, ஆனா தன் ஊர் ரேஷன் கடைக்கு இத்தனை மூட்டை வந்துச்சுன்னு இருக்கு, எனக்கு ஏன் இல்லைன்னு சொன்னீங்கன்னு கேக்க ஒருத்தர் கண்டிப்பா இருப்பார்.

தகவலைச் சரிபாத்தா எவ்வளவு மிச்சமாகும்ங்கறதுக்கு நம்ம ஊர் உதாரணமே இருக்கு. 2021-ல அஞ்சு பவுன் வரைக்கும் கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடின்னு அறிவிச்சாங்க. 48.84 லட்சம் கடன்களோட விவரத்தைக் கம்ப்யூட்டர்ல போட்டு ரேஷன் கார்டு, ஆதார்னு ஒப்பிட்டுப் பாத்ததுல 35.37 லட்சம் கடன் தகுதி இல்லைன்னு கழிச்சாங்க. தகுதி இருந்தும் விட்டுட்டாங்கன்னு புகார் சொன்னவங்களும் இருந்தாங்க, அதைச் சரிபாக்கவும் விதி வெளிப்படையா இருந்தாத்தான் முடியும். ஆனா திட்டத்தை நிறுத்தாமலே செலவைக் கட்டுப்படுத்தலாம்ங்கறதுக்கு இதை விட நேரடியான சாட்சி வேணாம்.

சமூகத் தணிக்கையைப் பத்தி சுருக்கமா. ஒன்றுபட்ட ஆந்திரா 2006-லயே நூறு நாள் வேலைத் திட்டத்துல ஆரம்பிச்சுது, மேகாலயா 2017-ல இதுக்குன்னு தனிச் சட்டமே போட்டுச்சு. ஊர்ல நடக்கற வேலைக்கு இது நல்லா வேலை செய்யும், வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடத்தற நம்ம மாநிலத்துக்குப் பொருந்தவும் பொருந்தும். ஆனா கண்டுபிடிச்ச முறைகேட்டுப் பணத்துல திரும்ப வசூலாகறது ரொம்பக் கம்மி, அதோட மின் வாரியக் கடனையோ மெட்ரோ கடனையோ கிராம சபைல தணிக்கை பண்ண முடியாது. அரசோட வரவு செலவை வெளில இருந்து மதிப்பிடற சுயேச்சையான நிதிக் கவுன்சில்னு ஒரு யோசனையை மத்திய நிதிக் குழுக்களும், நிதிப் பொறுப்புச் சட்டத்தை மறுஆய்வு பண்ண என்.கே. சிங் கமிட்டியும் 2017-ல சொல்லியிருக்காங்க. வேணாம்னு சொல்ல மாட்டேன், ஆனா மாநிலத்துல அது ரிட்டையர்டு ஐஏஎஸ் அதிகாரிகளுக்கு இன்னொரு நாற்காலியா போயிடும்னுதான் எனக்குப் படுது.

அப்ப எம்எல்ஏகிட்ட எதைச் சொல்றது? நான் சொல்றது மூணாவது வழி, அதுலயும் ரெண்டு துண்டு. கருவூலத்துல பாஸாகற பில் விவரம் தலைப்பு வாரியா, மாவட்ட வாரியா மாசா மாசம் எக்செல்லா வெளில வரணும். அரசாங்கப் பணத்துல இருந்து அசலோ வட்டியோ கட்டப் போற எந்தக் கடனா இருந்தாலும், யார் பேர்ல வாங்கியிருந்தாலும், பட்ஜெட் அன்னைக்கே ஒரே பட்டியல்ல இருக்கணும். இதுக்குச் செலவு கம்மி, அரசியல் சட்டத்தைத் தொட வேணாம், டெல்லிகிட்ட கேக்க வேணாம், எந்தத் திட்டத்தையும் நிறுத்த வேணாம், அதனால ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் இதை மறுக்கறது கொஞ்சம் கஷ்டம். கமிட்டி இதுக்கு அடுத்தது, அமைச்சர் தலைவரா இல்லாத கமிட்டி, அப்ப அவங்க கைல படிக்க உருப்படியா ஏதாவது இருக்கும். 110 அறிவிப்போட செலவுக் குறிப்பும் வரணும்ங்கறதை அந்தக் கமிட்டியே கேக்கட்டும். உச்சவரம்பை இறுக்கறது கடைசி, கொல்லைக் கதவு எல்லாம் பட்டியல்ல வந்த பிறகு.

ஒரு விஷயத்துல மட்டும் இந்த வரிசை மாறும். ஒரு மாநிலம் சம்பளம் போடவே மாசக் கடைசில திணறுது, ரிசர்வ் வங்கிகிட்ட ஓவர்டிராஃப்ட்லயே ஓடுதுன்னா அங்க போர்ட்டல் கட்டிக்கிட்டு இருக்க நேரம் இல்லை, முதல்ல உச்சவரம்புதான். தமிழ்நாடு அந்த நிலைமைல இல்லை.

அரசாங்கம் பண்ற வரைக்கும் காத்திருக்க வேணாம்னு நினைக்கறவங்க நிதித்துறை பொதுத் தகவல் அலுவலருக்கு பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு மனு போடலாம். தகவல் உரிமைச் சட்டம் 4(1)(b) பிரிவுல பட்ஜெட் ஒதுக்கீடும் மானியத் திட்ட விவரமும் யாரும் கேக்காமலே வெளியிட வேண்டியவைன்னு இருக்கு, அதை முதல் வரில எழுதுங்க. கேள்வி இப்படி இருக்கலாம்: "2024-25 நிதியாண்டில் மாநில அரசுக்குச் சொந்தமான நிறுவனங்கள், வாரியங்கள் பெற்ற கடன்களில், அசல் அல்லது வட்டி மாநில அரசின் நிதியிலிருந்து செலுத்தப்பட்டவை எவை? நிறுவனத்தின் பெயர், 31.03.2025 அன்று நிலுவை, செலுத்திய தொகை, எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து செலுத்தப்பட்டது என்ற விவரங்களை மின்னணு வடிவில் வழங்கவும்." மின்னணு வடிவில்ங்கறதை விட்டுடாதீங்க, இல்லைன்னா ஜெராக்ஸ் கட்டுதான் வரும், பக்கத்துக்கு ரெண்டு ரூபாய் கட்டுன்னு ஒரு லெட்டரோட.